மார்ட்டி ராபின்ஸின் ஹவாய் இசைத்தட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ட்டி ராபின்ஸ் 1957-இல் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பாடிய ‘சாங் ஆஃப் தி ஐலண்ட்ஸ்’ இசைத்தட்டைப் பற்றி ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்பவர்களில் பாதிப்பேர் பழைய எல்பி சேர்ப்பவர்கள், மீதிப்பேர் ஸ்டீல் கிட்டார் பழகத் தொடங்கியவர்கள். கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறோம்.

மார்ட்டி ராபின்ஸ்னா கௌபாய் பாட்டு பாடுறவர்தானே? அவருக்கும் ஹவாய்க்கும் என்ன சம்பந்தம்?

அவரை உலகம் நினைவில் வைத்திருப்பது ‘எல் பாசோ’ என்ற துப்பாக்கிச் சண்டைக் கதைப்பாட்டால். அது வெளிவந்தது 1959-இல், ஹவாய்த் தட்டுக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து. 1957-இல் அவர் ‘சிங்கிங் தி ப்ளூஸ்’, ‘எ ஒயிட் ஸ்போர்ட் கோட்’ போன்ற காதல் பாட்டுகளால் பேர் வாங்கியிருந்த, குழைவான குரல் கொண்ட பாடகர்; கன்ட்ரி எனப்படும் அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசையின் மையமான நாஷ்வில் நகரைச் சேர்ந்தவர். கௌபாய் பாடகர் ஒருவர் திடீரென்று ஹவாய்க்குத் தாவினார் என்ற பேச்சு காலக்கணக்கிலேயே நிற்காது.

பிறந்தது 1925-இல், அரிசோனா மாநிலத்தின் கிளெண்டேலில். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்து பசிபிக்கின் சாலமன் தீவுகளில் இருந்தார். கிட்டார் கற்றுக்கொண்டது, பாட்டு எழுதத் தொடங்கியது, ஹவாய் இசையில் மனதைப் பறிகொடுத்தது எல்லாமே அந்தக் கடற்படை நாட்களில்தான். தட்டு வந்தபோது அந்த ஆசைக்குப் பத்து வயதுக்கு மேல் ஆகியிருந்தது. 1982 டிசம்பர் 8-இல் காலமானார்.

தட்டுல என்னென்ன பாட்டு இருக்கு? ஹவாய் மொழியிலயா பாடியிருக்கார்?

பெரும்பாலும் ஆங்கிலம். ஹவாயைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி, ஹவாய்ப் பாணியில் மெட்டமைத்து, இடையிடையே ஒன்றிரண்டு ஹவாய்ச் சொற்களைச் சேர்க்கும் இந்த வகைக்கு ‘ஹாபா ஹவ்லே’ பாட்டு என்று பேர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே ஹொனொலுலுவின் சொந்தக் கலைஞர்களும் இதை எழுதியிருக்கிறார்கள். அதனால் ஆங்கிலத்தில் இருப்பதை மட்டும் வைத்து ‘வெளியாள் செய்த போலி’ என்று தள்ளிவிட வேண்டாம்.

தலைப்புப் பாட்டை 1915-இல் எழுதியவர் சார்ல்ஸ் கிங் என்ற ஹவாய் இசையமைப்பாளர். ‘ஸ்வீட் லெய்லானி’ ஹாரி ஓவன்ஸ் 1934-இல் தன் மகள் பிறந்தபோது எழுதியது. 1937-இல் பிங் கிராஸ்பி நடித்த படத்தில் இடம்பெற்று ஆஸ்கர் விருது வாங்கியது. ‘பியாண்ட் தி ரீஃப்’ 1948-இல் ஹொனொலுலுவில் வாழ்ந்த கனடாக்காரர் ஜாக் பிட்மன் எழுதியது. ‘அலோஹா ஓஎ’ 1878-இல் இளவரசியாக இருந்த லிலிஉஓகலானி எழுதியது. இவர்தான் பின்னாளில் ஹவாயின் கடைசி அரசி. ‘மை ஐல் ஆஃப் கோல்டன் ட்ரீம்ஸ்’ மட்டும் அமெரிக்கப் பெருநிலத்தின் பாட்டுச் சந்தையில் 1919 வாக்கில் பிறந்த சரக்கு. ஹவாயர், குடியேறியவர், கப்பலே ஏறாதவர் என்று மூன்று தரப்பு எழுத்தும் ஒரே தட்டில் இருப்பதைக் கவனித்துக் கேட்டால் வித்தியாசம் காதில் விழும்.

‘நவ் இஸ் தி ஹவர்’ ஹவாய்ப் பாட்டே இல்லைங்கறாங்களே, நிஜமாவா?

நிஜம்தான். அதன் மெட்டு 1913-இல் ஆஸ்திரேலியாவில் ‘ஸ்விஸ் கிரேடில் சாங்’ என்ற பியானோ உருப்படியாக அச்சானது. நியூசிலாந்தில் மாவோரி மக்கள் அதற்குச் சொல் போட்டு விடைபெறும் பாட்டாக்கினார்கள். 1948-இல் கிரேசி ஃபீல்ட்ஸ், பிங் கிராஸ்பி இருவரும் ஆங்கிலத்தில் பாடி உலகமெங்கும் கொண்டுபோனார்கள். நாஷ்வில்லுக்கு வந்து சேர்ந்தபோது ‘தீவுப் பாட்டு’ என்ற ஒரே அடையாளம்தான் மிச்சம்.

நியூசிலாந்துக்கும் ஹவாய்க்கும் நடுவே சுமார் 7,000 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. இரு மக்களும் பாலினீசிய உறவுக்காரர்கள் என்றாலும் இந்தப் பாட்டை ஹவாய்க் கணக்கில் எழுதுவது தவறு. பட்டியல் போடுபவர்கள் இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

பாட்டு முழுக்க இழுத்து இழுத்து அழுகிற ஒரு கிட்டார் வருதே, அது என்னது? யார் வாசிச்சது?

அது ஸ்டீல் கிட்டார். மடியில் படுக்கவைத்து, இடது கையில் ஓர் உருக்குக் கட்டையைக் கம்பிகளின் மேல் வழுக்கி, வலது கையால் மீட்டுவது. கட்டையைப் ‘பார்’ என்பார்கள். இந்த முறையை உருவாக்கியவராக ஏற்கப்படுபவர் ஜோசப் கெகுகு. 1874-இல் ஓஅஹு தீவின் லாஇயே ஊரில் பிறந்தவர். பள்ளிப் பருவத்தில் இரும்புத்துண்டை வைத்து வாசிக்கத் தொடங்கி, 1904-இல் அமெரிக்கப் பெருநிலத்துக்குப் போய், பிறகு ஐரோப்பா வரை வாசித்துக்காட்டினார்.

ராபின்ஸின் தட்டில் ஸ்டீல் வாசித்தவர் ஜெர்ரி பேர்ட். 1920-இல் ஒஹாயோ மாநிலத்தின் லைமா நகரில் பிறந்தவர். கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸின் ‘லவ்சிக் ப்ளூஸ்’ ஒலிப்பதிவில் 1948-இல் வாசித்தவரும் இவரே. பேர்ட் இல்லாமல் இந்தத் தட்டு இல்லை என்பதுதான் எங்கள் கருத்து. ராபின்ஸ் ஒரு வரியை முடித்து மூச்சுவிடும் இடத்தில் ஸ்டீல் நுழைந்து அந்த வரியின் கடைசிச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போகிறது. பாடகர் குரலைச் சறுக்கும் இடங்களையும் ஸ்டீல் சறுக்கும் இடங்களையும் ஒப்பிட்டுக் கேளுங்கள்.

பெடல் ஸ்டீல்தானே அது? கன்ட்ரி பாட்டில் வருவதெல்லாம் பெடல் ஸ்டீல்னு படிச்சேன்.

இல்லை. பெடல் ஸ்டீல் என்பது கால் மிதியால் சில கம்பிகளின் சுருதியை மட்டும் ஏற்றி இறக்கும் கருவி. 1954-இல் வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ பாட்டில் பட் ஐசக்ஸ் அதை வாசித்துக் காட்டியதும் நாஷ்வில் முழுவதும் அந்த ஓசையின் பின்னால் ஓடியது. பேர்ட் போகவில்லை. மிதி இல்லாத ஸ்டீலிலேயே நின்றார். அதனால் வாய்ப்புகள் குறைந்தும் மாறவில்லை. 1972-இல் ஹவாய்க்கே குடிபெயர்ந்து, அங்கே மங்கிக்கொண்டிருந்த ஸ்டீல் வாசிப்பை உள்ளூர் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். இன்று பேர்பெற்ற ஆலன் அக்காகா அவரிடம் பயின்றவர். 2005-இல் ஹொனொலுலுவிலேயே காலமானார்.

காதால் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரு கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள், ஒலித்துக்கொண்டிருக்கும்போது ஒரு சுரம் அசையாமல் நிற்க, பக்கத்துச் சுரம் மட்டும் வளைந்து ஏறினால் அது பெரும்பாலும் பெடல். எல்லாச் சுரங்களும் சேர்ந்து ஒரே அளவில் வழுக்கினால் பார். இந்தத் தட்டில் கேட்பது இரண்டாவது.

அப்போ ஹவாய்க்காரங்க கன்ட்ரியிலிருந்து எடுத்தாங்களா, கன்ட்ரிக்காரங்க ஹவாயிலிருந்து எடுத்தாங்களா?

ஸ்டீல் கிட்டார் விஷயத்தில் கொடுத்தது ஹவாய், வாங்கியது கன்ட்ரி. 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசிபிக் பொருட்காட்சியில் ஹவாய் அரங்கின் இசைக்குழுக்களை லட்சக்கணக்கான அமெரிக்கர்கள் கேட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஹவாய் இசைத்தட்டுகள் அங்கே பிய்த்துக்கொண்டு விற்றன. அஞ்சல் வழி ஸ்டீல் கிட்டார் பாடங்கள் கிராமங்களுக்குப் போயின. கன்ட்ரி இசையின் தந்தை எனப்படும் ஜிம்மி ராட்ஜர்ஸ் 1929-இல் டல்லஸ் ஒலிப்பதிவில் ஜோ கைபோ என்ற ஹவாய்க் கலைஞரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். 1935 முதல் 1975 வரை வைகிகியில் தொடங்கி வாராவாரம் ஒலிபரப்பான ‘ஹவாய் கால்ஸ்’ வானொலி நிகழ்ச்சி அந்த ஓசையை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. ராபின்ஸின் தலைமுறைக்கு ஸ்டீல் கிட்டார் வெளிநாட்டுச் சத்தம் கிடையாது. வளரும் வயதில் வானொலியில் கேட்ட சத்தம்.

முதல் மின்சாரக் கிட்டாரும் இதே கதையில்தான் வருகிறது. 1932-இல் சந்தைக்கு வந்த ரிக்கன்பேக்கரின் அலுமினிய ‘ஃப்ரையிங் பான்’ மடியில் வைத்து வாசிக்கும் ஹவாய் ஸ்டீல்தான். நின்றுகொண்டு வாசிக்கும் மின்கிட்டார்கள் புகழ்பெற்றது அதற்குப் பிறகு.

இன்னும் பின்னால் போனால் கொடுக்கல் வாங்கல் திசை மாறும். ஜார்ஜ் வான்கூவர் 1793-இல் அரசர் கமெஹமெஹாவுக்கு மாடுகளைப் பரிசளித்தார். அவை காட்டில் பெருகிப் பயிரை அழிக்கவே, 1832 வாக்கில் அப்போது மெக்சிகோவின் பகுதியாக இருந்த கலிஃபோர்னியாவிலிருந்து மாடு மேய்ப்பவர்கள் வரவழைக்கப்பட்டார்கள். அவர்களோடு கிட்டாரும் வந்தது. ஹவாயின் மாட்டுக்காரர்களுக்குப் பனியோலோ என்று பேர். 1908-இல் வயோமிங்கின் ஷயான் நகரப் போட்டியில் காளையைக் கயிறு வீசிப் பிடித்து வென்ற இக்குவா பர்டி அவர்களில் ஒருவர். மேய்ச்சல் நிலமும் கயிறும் கிட்டாரும் ராபின்ஸின் அரிசோனாவுக்கும் ஹவாய்க்கும் பொதுச் சொத்து.

ஸ்லாக் கீ கிட்டாருங்கறதும் இதுவும் ஒண்ணா?

வேறு வேறு. ஸ்லாக் கீயில் கிட்டாரை வழக்கம்போலப் பிடித்து, சில கம்பிகளைத் தளர்த்தி, விரலால் அழுத்தி வாசிப்பார்கள். கட்டை விரல் பேஸ் பிடிக்க மற்ற விரல்கள் மெட்டைப் போடும். மேலே சொன்ன மாட்டுக்காரர்களின் கிட்டாரிலிருந்து ஹவாயர்கள் தாங்களே வளர்த்தெடுத்த முறை அது. பார் கிடையாது. கேட்க விரும்பினால் கேபி பஹினுயியிலிருந்து தொடங்கலாம்.

என்கிட்ட சாதாரண அக்கூஸ்டிக் கிட்டார்தான் இருக்கு. இதுலயே ஸ்டீல் வாசிக்க முடியுமா?

முடியும். முதலில் கம்பிகளை விரல்பலகையிலிருந்து சுமார் 9 மில்லிமீட்டர் உயர்த்த வேண்டும். கழுத்தின் முனையில் கம்பிகளைத் தாங்கும் நட்டின் மேல் மாட்டும் இரும்பு ‘நட் எக்ஸ்டென்டர்’ இசைக்கருவிக் கடைகளில் கிடைக்கும். கம்பியைத் தளர்த்தி, அதை நட்டின் மேல் உட்காரவைத்து, மறுபடி முறுக்கினால் போதும், ஒட்டத் தேவையில்லை. உயர்த்தாமல் வாசித்தால் பார் ஃப்ரெட்டில் (விரல்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) இடித்துக் கடகடக்கும்.

அடுத்தது சுருதி. தொடக்கத்துக்கு ஜி மேஜர் பாதுகாப்பானது: தடித்த கம்பியிலிருந்து டி, ஜி, டி, ஜி, பி, டி. 6, 5, 1 ஆகிய மூன்று கம்பிகளையும் (தடித்தது 6, மெல்லியது 1) ஒரு முழுச்சுரம் இறக்கினால் இது வந்துவிடும். எதையும் ஏற்றாததால் கம்பி அறுகாது. திறந்த கம்பிகள் ஜி, 5ஆம் ஃப்ரெட்டில் சி, 7-இல் டி. இந்த மூன்று கார்டுகளில் ஏராளமான ஹவாய்ப் பாட்டுகள் அடங்கும். ஏ மேஜருக்குப் போக 4, 3, 2 கம்பிகளை ஒரு முழுச்சுரம் ஏற்ற வேண்டும். விலைகுறைந்த கிட்டார்களில் அந்த இழுவிசையால் பிரிட்ஜ் பெயர்ந்து வரும். அந்த ஓசை வேண்டுமானால் ஜி-யிலேயே வைத்துக்கொண்டு பாரை இரண்டு ஃப்ரெட் மேலே நகர்த்துங்கள்.

எந்த பார் வாங்கணும்? கடையில ரெண்டு மூணு வகை காட்டுறாங்க.

பக்கவாட்டில் பள்ளம் உள்ள ‘ஸ்டீவன்ஸ்’ வகை விரலில் நன்றாக உட்காரும், தொடக்கத்தில் கை வழுக்காது. ஒரு முனை உருண்டையான ‘புல்லட்’ வகை பாரைச் சாய்த்து வாசிக்க ஏற்றது. பேர்டின் பாணி வேண்டுமென்றால் கடைசியில் இங்கேதான் வர வேண்டும். விட்டம் 19, நீளம் 73 மில்லிமீட்டர் அளவில் திட உருக்கு பார் ஏறத்தாழ 160 கிராம் இருக்கும், ஆறு கம்பிக்கு அது சரி. விரலில் மாட்டும் கண்ணாடிக் குழாய் ப்ளூஸ் வாசிப்புக்கானது, இதற்குப் பயன்படாது. வலது கைக்குக் கட்டைவிரல் பிக் (மீட்டுவதற்கு மாட்டும் நகம்) ஒன்று, உலோக விரல் பிக் இரண்டு.

சி6 டியூனிங்னு எல்லோரும் சொல்றாங்க. என் கிட்டாரை அப்படியே சி6-க்கு மாத்தலாமா?

இருக்கிற கம்பிகளோடு மாற்றாதீர்கள். சி6 என்பது தடித்த கம்பியிலிருந்து சி, இ, ஜி, ஏ, சி, இ. சாதாரண கிட்டாரின் 4ஆம் கம்பியை டி-யிலிருந்து ஜி வரை ஐந்து அரைச்சுரம் ஏற்ற வேண்டிவரும், அறுந்துவிடும். 5ஆம் கம்பியோ ஏ-யிலிருந்து இ-க்கு ஐந்து அரைச்சுரம் இறங்கித் தொளதொளத்துப்போகும். சி6-க்கென்று தனிக் கம்பிக் கட்டு போட வேண்டும். 22.5 அங்குலக் கம்பி நீளமுள்ள மடி ஸ்டீலுக்கு 1ஆம் கம்பி 0.015 அங்குலம், 2ஆம் கம்பி 0.018, பிறகு படிப்படியாகத் தடித்து 6ஆம் கம்பி 0.036 வரை போவது வசதியான இழுவை.

இந்த டியூனிங்கை நாஷ்வில்லில் பரப்பியவர்களில் முதன்மையானவர் பேர்ட். இதன் அழகு என்னவென்றால் 6, 5, 4 கம்பிகள் சி மேஜர், 3, 2, 1 கம்பிகள் ஏ மைனர். பார் நேராக இருக்கும்போதே இரண்டு கார்டுகள் கையில் இருக்கின்றன. 5ஆம் ஃப்ரெட்டில் எஃப் மேஜரும் டி மைனரும், 7-இல் ஜி மேஜரும் இ மைனரும்.

ரெண்டு ரெண்டு சுரமா இனிமையா ஏறி இறங்குறாங்களே, அதுக்கு பாரைச் சாய்க்கணுமாம். எனக்குச் சாய்க்க வரலை.

சாய்க்காமலேயே சி மேஜர் ஆரோகணம் முழுவதையும் இரட்டைச் சுரத்தில் வாசிக்கலாம். சி6-இல் 1-2 ஜோடி மேஜர் தேர்ட் (நான்கு அரைச்சுர இடைவெளி), 2-3 ஜோடி மைனர் தேர்ட் (மூன்று அரைச்சுர இடைவெளி). வரிசை இதுதான்: 1-2 ஜோடி திறந்து, 2-3 ஜோடி 5ஆம் ஃப்ரெட், 2-3 ஜோடி 7, 1-2 ஜோடி 5, 1-2 ஜோடி 7, 2-3 ஜோடி 12, 2-3 ஜோடி 14, 1-2 ஜோடி 12. மூன்றாவதிலிருந்து நான்காவதற்குப் போகும்போது பார் 7-இலிருந்து 5-க்குப் பின்வாங்கும், சுரம் மட்டும் மேலே ஏறும். அந்த இடத்தில் பாரைக் கம்பியோடு ஒட்டியபடி நகர்த்தினால் சறுக்கல் கீழ்நோக்கிக் கேட்டு மெட்டு கெடும். வலது உள்ளங்கையின் ஓரத்தால் கம்பியை ஒரு கணம் அமுக்கி ஒலியை நிறுத்திவிட்டு நகருங்கள்.

இதே யோசனையில் 1-4 ஜோடி மேஜர் சிக்ஸ்த், 2-5 ஜோடி மைனர் சிக்ஸ்த் தரும். ஹவாய் வாசிப்பின் தேன் அங்கேதான் இருக்கிறது. தேர்ட்ஸ் கைக்கு வந்த பிறகு இவற்றுக்குப் போங்கள்.

எவ்வளவு வாசிச்சாலும் சுருதி சேராம விலகியே நிக்குது. எங்கே தப்பு?

நான்கு இடங்களைப் பாருங்கள். முதலாவது கண். பார் கம்பியைத் தொடும் புள்ளி ஃப்ரெட் கோட்டுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். விரலால் அழுத்திப் பழகியவர்கள் கோட்டுக்குப் பின்னால் வைப்பார்கள், சுரம் இறங்கிக் கேட்கும். சாய்ந்து உட்கார்ந்து பார்த்தாலும் கோடு இடம் மாறித் தெரியும். தலையைப் பாருக்கு நேர் மேலே கொண்டுவாருங்கள்.

இரண்டாவது அழுத்தம். பாரின் எடையே போதும். அமுக்கினால் கம்பி வளைந்து சுரம் ஏறும். மூன்றாவது, பாருக்குப் பின்னால் இருக்கும் கம்பிப் பகுதி தானாக ஒலித்துத் தகராறு செய்வது. மோதிர விரலையும் சுண்டு விரலையும் பாருக்குப் பின்னால் கம்பியில் லேசாகப் படரவிட்டால் அடங்கும்.

நான்காவதுதான் அதிகம் பேர் விழும் குழி: நடுக்கம். சுரத்தைத் தொட்ட நொடியிலேயே கையை ஆட்டத் தொடங்கினால் எது சுரம் என்றே காதுக்குத் தெரியாது. முதலில் சுரம் நிலைத்து நிற்கட்டும், பிறகு கோட்டின் இரண்டு பக்கமும் சம அளவில், மெதுவாக, சிறிதாக ஆட்டுங்கள். பேர்டின் பதிவுகளில் சுரம் முதலில் நிற்பதையும் பிறகு அசைவதையும் தெளிவாகக் கேட்கலாம்.

ஒவ்வொரு சரணம் முடிஞ்சதும் ரெண்டு தாளச் சுற்றுக்கு ஒரே மாதிரி ஒரு பிட் வருதே?

அது ஹவாய் வாம்ப். ஹூலா என்ற ஹவாய் நடனம் ஆடுபவர்களுக்கு ‘ஒரு பகுதி முடிந்தது, அடுத்தது தொடங்குகிறது’ என்று சொல்லும் அறிவிப்பு. சி-யில் பாட்டு என்றால் டி7 இரண்டு தட்டு, ஜி7 இரண்டு தட்டு, சி நான்கு தட்டு.

சி6 ஸ்டீலில் இதற்கு 3, 2, 1 கம்பிகளை 12ஆம் ஃப்ரெட்டில் ஒருமுறை, 5-இல் ஒருமுறை, பிறகு 12-இல் 4, 2, 1 கம்பிகளை மீட்டுங்கள். பேஸ் கிட்டார் டி, ஜி, சி என்று நகர்ந்தால்தான் இது டி9, ஜி9, சி என்று கேட்கும். துணை இல்லாமல் தனியாக வாசித்தால் ஏ மைனர், டி மைனர் என்றுதான் காதில் விழும். வாம்ப் வரவில்லை என்று சொல்பவர்களில் பலர் தனியாக உட்கார்ந்து வாசிப்பவர்கள்.

யூகலேலி மட்டும்தான் இருக்கு. இந்தத் தட்டோட சேர்ந்து வாசிக்கலாமா?

தாராளமாக. 1879-இல் மடெய்ராவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய போர்ச்சுக்கீசியர்கள் கொண்டுவந்த சின்னக் கிட்டாரிலிருந்து வளர்ந்த கருவி அது. ஜி, சி, இ, ஏ என்ற அதன் நான்கு திறந்த கம்பிகளும் மேலே சொன்ன சி6-இன் அதே நான்கு சுரங்கள்தான். பாட்டு வேறு சுருதியில் இருந்தால் கேப்போ (கழுத்தில் மாட்டிக் கம்பிகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் கிளிப்) போட்டுக்கொள்ளுங்கள். வேகமாக அடிக்காமல் இரண்டாம், நான்காம் தட்டில் மட்டும் குறுக்கி அடித்தால் ஸ்டீலுக்கு இடம் கிடைக்கும்.

ஹவாய்ச் சொற்களைப் பாடும்போது எப்படி உச்சரிக்கிறது?

தமிழ் தெரிந்தவர்களுக்கு இது எளிது. ஹவாய் மொழியிலும் அ, எ, இ, ஒ, உ என்று ஐந்து குறிலும் அவற்றின் நெடிலும் உண்டு. குறில் நெடில் மாறினால் பொருளும் மாறும். ஆங்கிலேயர் போல உயிரைக் குழைக்காமல் நம்முடையதைப் போலவே சுத்தமாகச் சொல்லுங்கள். எழுத்துகளுக்கு நடுவே தலைகீழ்க் காற்புள்ளி போன்ற குறி இருந்தால் அங்கே தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்க வேண்டும். லிலி-உஓ-கலானி என்பதில் முதல் கோடு இருக்கும் இடம் அதுதான்.

1957 தட்டு ஒண்ணு, 1963 தட்டு ஒண்ணு இருக்காமே. எதை வாங்குறது?

1963-இல் வந்தது ‘ஹவாய்ஸ் காலிங் மி’. நடுவே 1959 ஆகஸ்டில் ஹவாய் அமெரிக்காவின் 50ஆவது மாநிலமாகியிருந்தது, 1961-இல் எல்விஸ் நடித்த ‘ப்ளூ ஹவாய்’ படமும் ஓடியிருந்தது. ஹவாய் என்றாலே விற்கும் நேரம் அது. முதல் தட்டு அந்த அலைக்கு முன்பே ஆசையால் பாடப்பட்டது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் அதையே வாங்குங்கள். எல்பி இயக்கி இல்லாதவர்களுக்கு ஜெர்மனியின் பேர் ஃபேமிலி நிறுவனம் அவருடைய ஹவாய்ப் பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்ட சிடி நல்ல வழி. அதன் பேரும் ‘ஹவாய்ஸ் காலிங் மி’ என்பதால், வாங்கும் முன் எல்பியா தொகுப்பா என்று பாட்டுப் பட்டியலைச் சரிபாருங்கள்.

1957 முதல் பதிப்பு, ஸ்டீரியோன்னு சொல்லி விக்கிறாங்க. நம்பலாமா?

நம்ப வேண்டாம். ஸ்டீரியோ எல்பிகள் அமெரிக்கக் கடைகளுக்கு வந்ததே 1958-இல்தான். கொலம்பியாவில் சிஎல் என்று தொடங்கும் எண் மோனோ, சிஎஸ் என்று தொடங்குவது ஸ்டீரியோ. 1957 தட்டின் எண் சிஎல் 1087. 1963 தட்டு இரண்டு வகையிலும் வந்தது: சிஎல் 2040 மோனோ, சிஎஸ் 8840 ஸ்டீரியோ. நடுவட்ட லேபிளின் இரு ஓரங்களிலும் மும்மூன்றாகக் கண் வடிவச் சின்னம் இருந்தால் 1962-க்கு முந்தைய அச்சு.

மோனோ தட்டை இன்றைய ஸ்டீரியோ ஊசியில் தாராளமாகப் போடலாம். பெருக்கியில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள், கீறல் சத்தம் கணிசமாகக் குறையும். பழைய மோனோ ஊசியில் ஸ்டீரியோ தட்டைப் போடுவதுதான் ஆபத்து, பள்ளத்தைத் தேய்த்துவிடும். வாங்கும் முன் ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டையும் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். தேய்ந்த தட்டில் குரல் உயரும்போது உள்வட்டத்தில்தான் முதலில் கரகரப்பு வரும். ஸ்டீலின் நீண்ட சுரங்கள் அதை மறைக்காமல் காட்டிக்கொடுத்துவிடும்.

இதை உண்மையான ஹவாய் இசைன்னு சொல்லலாமா? அவங்க நாட்டைப் பிடிச்சவங்க பாடின பாட்டுதானே?

கேள்வி நியாயமானது. 1893-இல் அமெரிக்க வணிகர்களும் தோட்ட முதலாளிகளும் லிலிஉஓகலானியை ஆட்சியிலிருந்து இறக்கினார்கள், கரையிறங்கிய அமெரிக்கக் கடற்படை வீரர்கள் பக்கத்திலேயே நின்றார்கள். 1896-இல் பள்ளிகளின் பயிற்றுமொழி ஆங்கிலம் என்று சட்டம் வந்து, ஹவாய் மொழி ஒரு தலைமுறைக்குள் வகுப்பறையை விட்டு வெளியேறியது. அது மறுபடி அரசு மொழியானது 1978-இல்தான். அந்த இடைவெளியில்தான் ஆங்கில வரிகள் கொண்ட தீவுப் பாட்டுகள் உலகமெங்கும் விற்றன. ‘அலோஹா ஓஎ’ காதலர் பிரிவைச் சொல்ல எழுதப்பட்டது. ஆட்சி பறிபோன பிறகு ஹவாயர்களுக்கு அது நாட்டையே வழியனுப்பும் பாட்டாகிவிட்டது. ராபின்ஸ் அதைக் காதல் பாட்டாகத்தான் பாடுகிறார்.

இந்தத் தட்டு ஹவாய் இசையின் வரலாறாக நிற்காது. ஹவாயிலிருந்து கன்ட்ரி வாங்கிய கடனைத் தெரிந்து, மரியாதையோடு திருப்பிச் சொன்ன ஒரு தட்டாக நிற்கும். இதைக் கேட்டுவிட்டு அங்கேயே நின்றுவிடாமல் சோல் ஹோஒபிஇயின் ஸ்டீலையும், லீனா மச்சாடோ, ஜெனோவா கெயாவே ஆகியோரின் குரலையும் தேடிக் கேளுங்கள். உச்சக் குரலுக்குத் தாவும்போது குரல் உடையும் இடத்தை ஒளிக்காமல் அழகாக்கிக் காட்டும் ஹவாய்ப் பாடல்முறை ராபின்ஸிடம் இல்லை, அவர்களிடம் இருக்கிறது.

ஸ்டீல் கிட்டார் நம்ம கோட்டுவாத்தியத்திலிருந்து போனதுதானாமே?

அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. 1880-களில் இந்தியாவில் பிறந்த கேப்ரியல் டேவியன் என்ற மாலுமி ஹொனொலுலுவில் கம்பியில் பொருளை வழுக்கி வாசித்ததாகப் பழைய குறிப்பு உண்டு. அவர் தென்னிந்தியர் என்றோ கோட்டுவாத்தியம் அறிந்தவர் என்றோ அதிலிருந்து பெற முடியாது. எதிர்த் திசைப் பயணம் உறுதியானது: ஹவாய் இசைக்குடும்பமான டாவ் மோ குடும்பத்தினர் 1940-களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தும் கற்பித்தும் வந்தார்கள், இந்தியாவில் ஹவாயன் கிட்டார் வேர்விட அது பெரிய காரணம்.

கோட்டுவாத்தியம் பழகியவர்கள் பாருக்கு வந்தால் வழுக்கும் கை தயாராக இருக்கும், ஆனால் இரண்டு பழக்கங்களை மாற்ற வேண்டும். அங்கே ஒரே சுரவரிசை ஓடும், இங்கே இரண்டு மூன்று கம்பிகள் சேர்ந்து ஒலிப்பதால் பார் ஃப்ரெட் கோட்டுக்கு இணையாக நிற்பது கட்டாயம். ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தாலும் கார்டு உடையும். கமகத்தில் பக்கத்துச் சுரத்தை எட்டித்தொட்டு வரும் அசைவு அங்கே உயிர், இங்கே அதே அசைவு கார்டையே மாற்றிவிடும். மேலே நடுக்கத்தைப் பற்றிச் சொன்னதை இவர்கள் இன்னும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்: சுரம் நின்ற பிறகு, கோட்டின் இரு பக்கமும், கால் சுரத்துக்குள்.